பதினேழாவது டிக்

பரமலிங்கம் ஒரு முடிவு எடுத்தார். அவர் முடிவெடுத்தால் உரும்பிராயில் ஒரு கோழிகூட விலகி நிற்பதில்லை. ஆனால் இந்த முறை கையிலிருந்த வெங்காயச் சாக்கை உதறிப் போட்டுவிட்டு, எழும்பி நின்றே எடுத்தார்.

"இஞ்சரும், காருக்குப் புதுச் சொக் அப்சோபர், குலுக்கம் தாங்குறது, போடப்போறன். சும்மா சொக் இல்லை. கூட்டிக் குறைக்கிற சொக். றேஸ் ஓடுற காருக்குப் போடுறது."

குணலட்சுமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஆரோடை றேஸ்?"

"கேதீசோடை."

கேதீஸ்வரன் குணலட்சுமியின் தங்கைக்குப் புருசன். கீரிமலையில் வீடு. அவரிடமும் இவரிடம் நிற்கும் அதே இன ஜப்பான் கார்தான். நிறம் மட்டும் வேறு. பதினொரு வருசத்துக்கு முன் ஒரு கலியாண வீட்டு வாசலில் பரமலிங்கத்தின் காரிலிருந்து இறங்கிய கேதீஸ்வரன், இடுப்புக்கு மேலே நாரியைப் பிடித்துக்கொண்டு, நாற்பது பேருக்கு முன்னால் சொன்னார்: "அண்ணை, உங்கடை காரிலை வந்தால் மா இடிக்கிற வேலை மிச்சம். அரிசியை மடியிலை வைச்சிருந்தால் காணும்."

நாற்பது பேரும் சிரித்தார்கள். அதில் பல் தெரியச் சிரித்தவர்கள் இருபத்தாறு பேர். பரமலிங்கம் எண்ணி வைத்திருக்கிறார். இருபத்தாறாவது ஆள் குணலட்சுமி.

அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. முப்பது வருசத்துக்கு முன் மண்வெட்டி இரவல் வாங்கிக்கொண்டு போன பக்கத்துக் காணிக்காரன் செத்தபோது, செத்த வீட்டுக்குப் போய், அழுகிற ஆட்களுக்கு நடுவே எட்டி எட்டி மண்வெட்டியைத் தேடியவர் அவர்.

காரின் குலுக்கம் உண்மைதான். மூன்று வருசமாகக் குணலட்சுமி சொல்லிவருகிறாள்: "இஞ்சாருங்கோப்பா, நாரி விட்டுப்போச்சு. அந்தச் சொக்கை ஒருக்கால் மாத்துங்கோவன்." அதற்கு அவருடைய பதில் ஒன்றுதான்: "பிழை ரோட்டிலை." பெண்சாதியின் நாரிக்காக ஒரு சதமும் எடுக்காத மனிசன், கேதீசின் பகிடிக்காக மடியை அவிழ்க்கப் போகிறார். குணலட்சுமி அதை நன்றாகக் கவனித்துக்கொண்டாள். தேங்காயைத் தொடர்ந்து துருவினாள்.

சுன்னாகத்தில் அடைக்கலநாதனின் கராஜ். அடைக்கலநாதன் மேசையில் இரண்டு செற் எடுத்து வைத்தான். ஒன்று புத்தம் புதிது. தங்க நிறத்தில் தாலிக்கொடி போல மின்னியது. மற்றது ஜப்பானில் பாவித்துக் கழற்றி, இங்கே பிரித்துப் புதுக்கியது. நிறம் துருவேறிய தாச்சிச் சட்டி.

"இது என்ன விலை?"

"தங்கக்கலர் நாலும் எண்பத்தையாயிரம் அண்ணை. மற்றது ரண்டு லட்சத்து நாப்பது."

"என்ன! கறல் பிடிச்சதுக்கோ?"

"மேலை இருக்கிற இந்தத் திருகைத் திருப்பினால் 'டிக், டிக்' எண்டு விழும். ஒவ்வொரு டிக்குக்கும் மெதுவாயும் இறுக்கமாயும் மாறும். இந்தப் பழசிலை பதினாறு டிக்."

"தங்கத்திலை?"

"முப்பத்திரண்டு."

பரமலிங்கம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் கணக்கு அவரை விடவில்லை. கண்ணை மூடினார். உதடு அசைந்தது.

"தங்கத்திலை ஒரு டிக் ரண்டாயிரத்து அறுநூத்தி ஐம்பத்தாறு ரூவா இருபத்தைஞ்சு சதம். கறலிலை ஒரு டிக் பதினையாயிரம். ஆரப்பா ஒரு டிக்குக்குப் பதினையாயிரம் குடுக்கிறது?"

"அண்ணை, டிக்கை எண்ணி வாங்கக் கூடாது. உள்ளுக்கை இருக்கிற வால்வுக்கும் சீலுக்கும்தான் காசு. தங்கம் டிக் எண்டு சத்தம் போடும், உள்ளுக்கை ஒண்டும் மாறாது. மற்றது பதினாறும் பதினாறு விதம்."

"நீர் விலை கூடினதைத்தானே தலையிலை கட்டப் பாப்பீர்." இதையும் மனதில் ஒரு மூலையில் எழுதி வைத்தார்.

குணலட்சுமி ஒரேயொரு கேள்வி கேட்டாள். "தம்பி, நாரிக்கு எது நல்லம்?"

"கறல் அக்கா."

"நாரிக்கு நல்லெண்ணெய் இருக்கு" என்றார் பரமலிங்கம். தங்கம் காரில் ஏறியது.

மிச்சம் பிடித்தது ஒரு லட்சத்து ஐம்பத்தையாயிரம். பீற்றூட் விற்ற காசு. வீட்டுக்குள் வைத்தால் யாராவது ஏதாவது கேட்பார்கள். ஆகவே கொட்டிலில் கிடந்த பழைய மருந்தடிக்கிற மெசினின் மூடியைத் திறந்து, சொப்பிங் பையில் சுற்றி, உள்ளே இறக்கினார்.

பிறகு கேதீசுக்குப் போன் எடுத்தார்.

"கேதீஸ், புதுச் சொக் போட்டிருக்கிறன். தங்கக்கலர்! முப்பத்திரண்டு டிக்! ரண்டு லட்சத்து நாப்பதாயிரம்!"

ஒன்றின் டிக், மற்றதின் விலை. இரண்டும் உண்மைதான்; ஒரே சொக்கில் இல்லை, அவ்வளவுதான்.

"அப்பிடியோ அண்ணை? அப்ப ஒண்டு செய்வம். வழமை போல ஆடிப்பிறப்புக்குக் கூழ் கொண்டுவாறியள்தானே. இந்த முறை பானை நிறையக் கொண்டு வாங்கோ. ஒரு துளி சிந்தாமல் வந்தால், எல்லாருக்கும் முன்னாலை 'அண்ணையின்ரை கார்தான் கார்' எண்டு நான் சொல்லுறன்."

"சிந்தினால்?"

"சிந்தினால் இனி நல்லது கெட்டது எல்லாத்துக்கும் என்ரை காரிலைதான் வரவேணும். பின் சீற்றிலை."

"சரி" என்று சொல்லிவிட்டார் பரமலிங்கம். யோசனை பிறகுதான் வந்தது.

அடுத்த நாளே ஒத்திகை. ஒன்றாம் டிக்கில் வைத்து ஓடினார். கோப்பாய் ரோட்டுப் பள்ளத்தில் தலை கூரையில் முட்டியது. முப்பத்திரண்டில் வைத்து ஓடினார். அதே பள்ளம், அதே கூரை, அதே தலை. இறங்கி, முன்னால் பொனற் மூடியைத் திறந்து, திருகித் திருகி ஏறினார்.

"இப்ப எப்பிடி இருக்கு?"

"அப்பிடித்தான்."

"இது இருவது!"

"அப்ப இருவது தரம் அப்பிடித்தான்."

பதினேழில் வைத்தபோது றெயில் கடவை பூட்டியிருந்தது.

"இப்ப?"

"இப்ப நல்ல சுகமாயிருக்கு" என்றாள் குணலட்சுமி. "கார் நிக்குது."

வெறுத்துப்போய் அதைப் பதினேழிலேயே விட்டுவிட்டார். அதற்குப் பிறகு பொனற்றைத் திறக்கவில்லை. பின் சீற்றில், கேதீசின் பிடரியைப் பார்த்துக்கொண்டு, சாகும்வரை போவதை நினைத்தார். சோறு இறங்கவில்லை.

ஆடிப்பிறப்புக்கு இரண்டு நாள் இருக்க அடைக்கலநாதன் போன் எடுத்தான். "அண்ணை, புதுச் சொக்குக்கு ஒருக்கால் நட்டு இறுக்கவேணும். காசில்லை, சும்மா. நானே வந்து காரைக் கொண்டுபோய்ப் பின்னேரம் கொண்டந்து விடுறன்." சும்மா என்ற சொல்லுக்கு மேல் பரமலிங்கம் எதையும் விசாரிப்பதில்லை. கார்த் திறப்பைக் கொடுத்துவிட்டு வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறப் போய்விட்டார்.

ஆடிப்பிறப்பு அன்று காலை. அடுப்படியில் பானை நிறையக் கூழ். பனங்கட்டி வாசம் வளவு முழுக்க. தேங்காய்ச் சொட்டுகள் மிதந்தன. குணலட்சுமி கிணற்றடிக்குக் குளிக்கப் போனாள். பரமலிங்கம் இந்த நிமிசத்துக்காகத்தான் மூன்று நாள் காத்திருந்தார். சொக் சரிவராவிட்டால் என்ன, கூழைச் சரிப்பண்ணலாமே! மா வாளியைத் திறந்தார். இரண்டு சுண்டு அளவு அரிசிமா அள்ளிப் பானைக்குள் கொட்டினார். அகப்பையைப் போட்டுக் கிண்டினார். முதலில் அகப்பை கூழைச் சுற்றியது. பிறகு கூழ் அகப்பையைப் பிடித்துக்கொண்டது.

"கட்டியிருக்கிற சாரத்திலை என்ன வெள்ளை?" குளித்துவிட்டு வந்த குணலட்சுமி கேட்டாள்.

"பவுடர்."

"சாரத்துக்கோ?"

"வெக்கை."

"ஓமோம். போய்க் குளியுங்கோ, நேரம் போகுது."

அவர் குளித்துவிட்டு வர, பானையின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி, காரில் ஏற்றி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கார் புறப்பட்டது. பரமலிங்கத்துக்கு முதலில் விளங்கவில்லை. கோப்பாய் ரோட்டுப் பள்ளம் வந்தது, போனது. கூரை கூரையின் இடத்தில் இருந்தது, தலை தலையின் இடத்தில் இருந்தது. சுன்னாகத்துத் தண்டவாளத்தைக் கடந்தார்; பாயைத் தாண்டினது போல இருந்தது. தெல்லிப்பழை தாண்டிய பிறகு குழி மட்டும் மிஞ்சியிருந்த ஒழுங்கையிலும் குணலட்சுமி ஒருக்கால்கூட "ஐயோ நாரி" என்று சொல்லவில்லை.

"பாத்தீரே! பதினேழு!" என்று ஸ்டியறிங்கில் அடித்தார். "இவ்வளவு நாளும் பழகாமல் இருந்திருக்கு. இப்பதான் பிடிச்சிருக்கு!"

"ஓம்" என்றாள் அவள். "பிடிச்சிருக்கு."

கீரிமலையில் இருபது பேர் முற்றத்தில் நின்றார்கள். கேதீஸ்வரன் பானைத் துணியைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை. துணியை அவிழ்த்தார். பரமலிங்கம் எட்டிப் பார்த்தார். பானையின் விளிம்பு வரை கூழ். தண்ணிப் பதம். தேங்காய்ச் சொட்டுகள் மிதக்கின்றன. அகப்பையால் மொண்டு ஊற்ற, நூல் போல ஓடுகிறது. இரண்டு சுண்டு மா எங்கே போனது?

கேதீஸ்வரன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். "அண்ணையின்ரை கார்தான் கார்!"

பதினொரு வருசம் நெஞ்சில் கிடந்த உரல் இறங்கியது. மா போனால் போகட்டும். பரமலிங்கம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"கேதீஸ், நல்ல பொருளெண்டால் காசு பாக்கக் கூடாது. காசு பாக்கிறவன் குடும்பத்தின்ரை நாரியைப் பாக்கமாட்டான்!"

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள் குணலட்சுமி. "பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்குக் கேக்கேல்லை."

அவர் இன்னொருக்கால், இன்னும் உரக்கச் சொன்னார்.

எல்லாரும் கூழுக்குப் பின்னால் போனபோது, பரமலிங்கம் மெல்லக் காரடிக்கு வந்தார். அந்தப் பதினேழை ஒருக்கால் கண்ணால் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பொனற்றைத் திறந்தார்.

தங்கம் இல்லை. துருவேறிய தாச்சி நிறத்தில் நாலு நாளுக்கு முன் கராஜ் மேசையில் கிடந்த அதே உருப்படி, அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. திருகினார். டிக், டிக், டிக். பதினாறில் நின்றது. அதற்கு மேல் திரும்பாது. பதினேழு என்று ஒன்று அந்தக் காரிலேயே இல்லை.

"அண்ணை..."

பொனற்றைப் படாரென்று மூடினார். பின்னால் கேதீஸ்வரன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதோரம் வந்தார்.

"அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நீங்கள் போனிலை சொன்ன நாள் தொட்டு எனக்கு நித்திரை இல்லை. நானும் அடைக்கலநாதனிட்டைப் போனனான். உங்கடையைப் போலவே தங்கக்கலர், முப்பத்திரண்டு டிக். ஆரோ ரண்டு மூண்டு நாள் ஓடிப்போட்டுக் கழட்டினதாம், எண்பத்தையாயிரத்துக்குத் தந்திட்டான். 'வேண்டாம் அண்ணை' எண்டு அவன் சொல்லச் சொல்ல நான்தான் பறிச்சுக்கொண்டு வந்தனான். ஆனால் எனக்கு மட்டும் ஏன் அண்ணை இப்பிடிக் குலுக்குது?"

பதினொரு வருசமாகத் தேடிய பகிடி பரமலிங்கத்தின் நாக்கு நுனியில் வந்து நின்றது. மா, அரிசி, மடி, எல்லாம் சேர்ந்த பகிடி. சொன்னால் கேதீஸ் செத்தான். ஆனால் அந்தச் சொக்கைக் கழற்றினவன் ஆர் என்றும் சொல்ல வேண்டி வரும். விழுங்கினார்.

"பதினேழிலை வையும்" என்றார்.

திரும்பி வரும்போது தெல்லிப்பழை வரை ரோட்டுக் குழிகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

"காசு?" என்று கடைசியில் கேட்டார்.

"தங்கத்தை அடைக்கலநாதன் கழட்டி வித்துத் தந்தவர். மிச்சம் மருந்தடிக்கிற மெசினுக்கை இருந்தது. சதம் பிசகாமல் எண்ணி வைச்சிருந்தியள். எனக்கு எண்ணுற வேலையும் இல்லை."

"எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"மூண்டு வருசமாச் சொன்னனான். நான் சொல்லக் கேக்கேல்லை, கேதீஸ் சொல்லக் கேட்டியள்."

கோபம் வந்தது. ஆனால் கோபப்படவும் ஒரு குலுக்கம் வேண்டும். கார் பஞ்சு போல ஓடியது.

வீட்டுக்கு வந்தபோது வயிறு கூவியது. அங்கே காரடியில் நின்றதில் அவர் ஒரு மிடறு கூழும் குடிக்கவில்லை. குணலட்சுமி அடுப்படி மூலையிலிருந்து இன்னொரு பானையைத் தூக்கிவந்து கோப்பையில் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. பிறகு கத்தியை எடுத்தாள்.

"முப்பத்தாறு வருசமா உங்களோடை இருக்கிறன். நீங்கள் என்ன செய்வியள் எண்டு தெரிஞ்சுதான் ரண்டு பானை காய்ச்சினனான். இது நீங்கள் மா போட்டது" என்று ஒரு துண்டு வெட்டி வைத்தாள். "பயப்பிடாமல் சாப்பிடுங்கோப்பா. ஒரு துளியும் சிந்தாது."