உதவித்தொகைக்கு ஒரு வாழைக்குலை

அரசாங்கம் யாருக்காவது உதவித்தொகை அறிவித்தால், அந்த யாரோ நான்தான் என்று நினைத்துக்கொள்ளும் வியாதி எனக்கு உண்டு. கொரோனா காலத்தில் அது முற்றிவிட்டது.

அப்போது திருவனந்தபுரத்தில் டிராவல்ஸ் நடத்திக்கொண்டிருந்தேன். (ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது ஊர் சுற்றிக் காட்டும் தொழில்.) வருமானம் நின்றுபோய் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் காதில், விவசாயிகளுக்கு நிவாரணம் என்ற செய்தி விழுந்தது. விதுராவில் மாமனார் கொடுத்த சின்ன வாழைத்தோட்டம் ஒன்று இருந்தது. நிலவரி ரசீது என் பெயரில் வந்தால் நான் விவசாயிதானே?

"ஏன்னா, அங்கே வாழை வைக்கறது மாரியக்கா இல்லையோ?" என்றாள் மனைவி.

"அவாளுக்கும் ஏதாவது கொடுத்துடலாம்" என்றேன். எவ்வளவு என்று நான் சொல்லவில்லை.

மாரியக்கா எங்கள் குத்தகைக்காரர். போனக்காடு எஸ்டேட்டில் கொழுந்து பறித்த தமிழ்க் குடும்பம். ஊரடங்கில் லாரி வராமல், அவர் வெட்டி வைத்த குலைகள் அப்படியே அழுகிப்போயிருந்தன. நிவாரணம் அவரைப் போன்றவர்களுக்குத்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் விண்ணப்பித்தேன்.

விவசாய அலுவலகத்து மேடம், நேரில் வர முடியாததால் வீடியோ காலில் தோட்டத்தைப் பார்ப்பதாகச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு விதுராவுக்குப் போனேன். (புதுத் துண்டு. விலைச்சீட்டை மனைவிதான் கிழித்தாள்.) "ஆபீஸ்ல தோட்டம் பாக்கறாங்களாம்" என்று மட்டும் சொல்லி, போனை மாரியக்கா கையில் கொடுத்தேன்.

"இவங்க கூலிக்கு வர்றவங்க" என்று மேடத்திடம் அறிமுகம் செய்தேன். மாரியக்கா போனை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

அதோடு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் காரியம் முடிந்திருக்கும். எனக்கோ விவசாயம் செய்தே காட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அரிவாளை எடுத்து, இருப்பதிலேயே பெரிய குலை தொங்கிய வாழையின் அடியில் ஓங்கி வெட்டினேன். வாழை கொஞ்சம் யோசித்தது. பிறகு என் மேல் சாய்ந்தது. வருகிற வழியில் பக்கத்து வாழையையும் கூட்டிக்கொண்டு வந்தது.

இலைகளுக்கு அடியில் கிடந்தபடி மேடத்தின் குரலைக் கேட்டேன்.

"சாரே, அது மூத்தில்லல்லோ. எந்தினா வெட்டியது?"

காய் முற்றவில்லையே, எதற்கு வெட்டினீர்கள் என்கிறார். என் வாய் நிறைய வாழைச்சாறு இருந்தது.

"சேச்சி, வாழை ஆருடேயா?" என்று மாரியக்காவிடம் கேட்டார்.

மாரியக்கா நிதானமாகச் சொன்னார்: "வாழை என்னோடது மேடம். நிலம் சாரோடது. வெட்டினது மட்டும்தான் சார்."

மேடம் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நிலத்துக்காரர் சம்மதம் எழுதிக் கொடுத்தால் குத்தகைக்காரருக்கே நிவாரணம் கிடைக்கும் என்றார். கறை பிடித்த கையாலேயே எழுதிக் கொடுத்தேன். பணம் மாரியக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. விழுந்த வாழைகளின் விலையைக் கழித்துக்கொண்டுதான் அந்த வருஷக் குத்தகையைத் தந்தார். நான் பேரம் பேசவில்லை.

போன வருஷம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பாவுக்கு என்ன தொழில் என்று பையனின் அப்பா கேட்டார்.

"டிராவல்ஸ். நடுவிலே ஒருநாள் காலம்பற மட்டும் விவசாயம் பண்ணினார்" என்று ஆரம்பித்த மகள், கதையை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் காபி கொடுத்தாள். கல்யாணம் முடிவானது. இப்போதும் சம்பந்தி போன் செய்தால் எடுத்ததும் கேட்பது, "அங்கே மழை எப்படி, விவசாயி?"

"போறாது" என்கிறேன். வேறென்ன சொல்ல.