வயருக்குச் சட்டை போட்ட நானா

கற்பிட்டிக் கரை முழுக்க வெயிலுக்குப் பயந்த மனிதர் ஒரே ஒருவர்தான். சட்டை நானா. அதுவும் தன் உடம்புக்காகப் பயப்படவில்லை. வயருக்காகப் பயந்தார்.

நானா என்றால் அண்ணன். உம்மா வாப்பா வைத்த பெயர் எனக்குத் தெரியாது. டிஷ், அன்டெனா, மீன்பிடிப் போட்டுகளின் செட் எல்லாவற்றுக்கும் கேபிள் இழுக்கிறவர். "வயருக்குச் சட்டை போடுங்க" என்று வாசல் வாசலாகச் சொல்லித் திரிந்ததால் அந்தப் பெயர். அவர் மேலில் சட்டை கிடந்து நான் பார்த்ததில்லை. இடுப்பில் சாரம், அதில் செருகின கத்தி, தோளில் பழைய சைக்கிள் டியூப். முதுகு தார் ஊற்றிய றோட்டு மாதிரி இருக்கும்.

தங்கச்சி மகளின் நிக்காஹ்வுக்குப் போன அன்று மட்டும் சட்டை போட்டிருந்தாராம். பஸ் மதுரங்குளியில் நின்றது. யாரோ ஒருவர் வீட்டு ஓட்டில் டிஷ் வயர் மூடாமல் கிடப்பதைக் கண்டார். இறங்கிவிட்டார். சட்டையைக் கழற்றி மதிலில் வைத்துவிட்டு ஓட்டில் ஏறினார்.

வீட்டுக்காரர் வெளியே வந்து கத்தினார். "யாருடா அது ஓட்டுல?"

"வயர் அம்மணமா கிடக்கு. பாத்துட்டு எப்படிப் போற?"

"கலியாணத்துக்குப் போற ஆள் மாதிரி இரிக்கி. இறங்குங்க!"

"கலியாணத்துக்கு நூறு பேர் வருவாங்க. இதுக்கு ஆர் வருவா?"

அவர் போய்ச் சேரும்போது கலியாண வீட்டில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார்கள்.

நான் உடப்பு ஊர் ஆள். சீசனுக்குக் கற்பிட்டிப் பக்கம் கண்டக்குழியில் வாடி என்கிற ஓலைக் குடிசை அடித்து மீன் தொழில் செய்கிறோம். மூன்று போட்டு. மூன்றிலும் கரையோடு பேசுகிற ரேடியோ செட் இருக்கிறது. வாடியில் ஒன்று இருக்கிறது. கடலில் கொஞ்சம் வெளியே போனால் போனுக்குச் சிக்னல் இல்லை. செட்தான் எல்லாம்.

போன சீசனில் செட் இரைந்தது. நானாவைக் கூப்பிட்டேன். அன்டெனாக் கம்பத்திலிருந்து வருகிற வெள்ளை வயரை ஒரு இடத்தில் மடித்தார். தோல் பிஸ்கட் மாதிரி வெடித்தது.

"வெயில் திண்டிரிக்கி" என்றார். பிறகு நுனியை வெட்டி நாக்கில் வைத்தார்.

என் மனுசி மூக்கைச் சுளித்தாள். "என்ன நானா, அதையும் நக்கிறீங்க?"

"டொக்டர் நாடி பாக்கிற இல்லயா? இது உப்பு. கடல் காத்து உள்ள போயிரிக்கி. மாத்தோணும்."

கறுப்பு வயர் கொண்டுவந்தார். அதற்கு மேல் தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கிற ஹோஸைக் கீறிப் போட்டார். அதுதான் சட்டை. கம்பத்து உச்சியில் வயர் பூட்டுகிற இடத்தில் டியூபை நாடாவாகக் கீறி, இழுத்து இழுத்துச் சுற்றினார். கீழிருந்து மேலே சுற்றினார். ஓடு வேய்கிற மாதிரி, மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் ஏறி நின்றது. நைலோன் நூலால் கட்டப்போனேன். கையைத் தட்டிவிட்டார். நூல் தோலை அறுக்குமாம்.

கடைசியில் வயர் பலகைச் சுவருக்குள் போகிற ஓட்டைக்கு முன்னால், ஒன்றரை முழம் மிச்சம் விட்டு, தொங்கலாக ஒரு வளைவு வைத்தார்.

"இது என்னத்துக்கு நானா?"

"மழைத் தண்ணி வயரப் பிடிச்சுக்கொண்டுதான் வரும் தம்பி. வளைவுக்கு வந்தா கீழ சொட்டிரும். வளைவு இல்லாட்டி உள்ள வந்து ஒங்களோட இருந்து தேத்தண்ணி குடிக்கும்."

போகும்போது மனுசியையும் பிடித்தார். அவள் பழைய வயரில் கருவாடு காயப்போட்டது அவருக்குத் தெரியும்.

"தங்கச்சி, இதுல ஒண்டும் தொங்கவிட ஏலா."

"கருவாடு தொங்கினா வயருக்கு என்ன வருத்தமா வரும்?"

"ஒங்கட கழுத்து மாலையில பாரைமீனத் தொங்கவிடுவீங்களா?"

அவள் ஒரு கிழமை, ஏழு நாளும், அந்த வயர்ப் பக்கம் பார்க்கவில்லை.

பிழை செய்தது நான். எங்கள் தொழிலில் கயிறு தொய்ந்து கிடக்கக் கூடாது. தொய்ந்த கயிற்றைக் கண்டால் கை தானாகப் போகும். வலைக்கயிறு, நங்கூரக் கயிறு, எதுவானாலும் இழுத்துக் கட்டுவோம். அந்த வளைவு தினமும் என் கண்ணில் குத்தியது. ஒருநாள் இழுத்தேன். மிச்சத்தை வெட்டினேன். நுனியைத் திரும்பச் செட்டில் பூட்டினேன். நன்றாகப் பேசியது. வெட்டின துண்டை மனுசி எடுத்துக் கருவாட்டுக்குக் கட்டினாள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தது. இரண்டு போட்டு காலை பதினொரு மணிக்கு வந்துவிட்டன. மனுசியின் தம்பி போன போட்டு வரவில்லை. அந்தக் காற்றில் எஞ்சின் நின்றால் போட்டு வெளியேதான் போகும்.

செட்டைப் போட்டேன். இரைச்சல் மட்டும் வந்தது. பின்பக்கத்தில் தண்ணீர் சொட்டியது. மேசை நனைந்திருந்தது. மனுசி வாசலில் நின்று கடலைப் பார்த்தாள். நானாவுக்குப் போன் எடுத்தேன்.

மழையில் சைக்கிளில் வந்தார். வெறும் மேல்தான். செட்டை நிறுத்தி, வயர் நுனியைக் கழற்றி நாக்கில் வைத்தார்.

"உப்பு இல்ல. மழைத் தண்ணி." வெளியே போய்ப் பார்த்தார். "வளைவு எங்க?"

நான் மேசையைத் துடைத்தேன்.

"சரி, பிறகு கேக்கிறன்."

தண்ணீர் ஏறின நுனியை வெட்டினார். ஒரு முழம் போய்விட்டது. இப்போது வயர் ஓட்டைக்கு எட்டவில்லை. சுற்றிப் பார்த்தார். கருவாட்டுக் கயிறாகக் கிடந்த துண்டைக் கண்டார். போய் அதையும் நக்கினார்.

"இது உப்பு" என்றார். துப்பினார்.

"வயர் உள்ள வராட்டி செட்ட வெளிய கொண்டா."

ஐஸ் பெட்டியைக் கூரை விளிம்பின் கீழ் வைத்தோம். பற்றரியையும் செட்டையும் அதன் மேல் வைத்தோம். சாரல் பக்கவாட்டில் அடித்தது.

"தம்பி, சட்டையக் கழட்டு."

"எனக்குக் குளிருது நானா."

"ஒனக்குக் குளிரினா தடிமன் வரும், தும்முவாய். இதுக்கு நனைஞ்சா ஒன்ட மச்சான் வரமாட்டான். கழட்டு!"

கழற்றினேன். மனுசி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் சட்டையைப் பந்தல் மாதிரிப் பிடித்தோம். அவர் அதற்குள் தலையை விட்டு நுனியைச் சீவினார், பூட்டினார், டியூபைச் சுற்றினார். முதுகில் மழை அடித்தது. அது அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

செட் ஒருமுறை இரைந்தது. பிறகு மச்சானின் குரல்.

"அத்தான்! ரெண்டு மணித்தியாலமாக் கத்துறன். அங்க என்ன, எல்லாரும் செத்துட்டீங்களா?"

மனுசி செட்டின் மைக்கைப் பறித்தாள். "எங்கடா நிக்கிறாய்?"

"கரண்டுக் காத்தாடிகளுக்கு நேர, வெளிய. எஞ்சின் நிண்டுட்டு. நங்கூரம் பிடிக்குதில்ல அக்கா, இழுபடுது. கெதியா யாரையும் அனுப்பு."

கயிறும் ஆளுமாக மற்றப் போட்டில் ஒன்று போனது. பொழுது சாய முன் கட்டி இழுத்து வந்தார்கள். அதுவரை நானா செட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். என் சட்டை செட்டின் மேல் கிடந்தது.

மச்சான் கரையில் கால் வைத்ததைக் கண்டதும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். என் பக்கம் திரும்பினார்.

"இப்பச் சொல்லு. வளைவ இழுத்தது ஆரு?"

"நான்தான்."

"ஏன்?"

"தொய்ஞ்சு கிடந்தது."

"கயித்த இழு தம்பி. வயர விட்டுரு." அவ்வளவுதான் ஏசினார். அடுத்த நாள் புது வயர் இழுத்து, மறுபடி வளைவு வைத்தார். மூன்று போட்டுக்காரரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவரும் கை வைக்கவில்லை.

இந்த சீசன் தொடங்கியபோது, உச்சி வெயிலில் அவர் வெறும் மேலோடு வாடியைக் கடந்து போனார். தோள் வெடித்திருந்தது. அந்த வெள்ளை வயர் மாதிரியே. கூப்பிட்டு ஒரு புதுச் சட்டையைக் கொடுத்தேன்.

வாங்கித் தடவிப் பார்த்தார். கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எந்த ஜொயின்டுக்குத் தம்பி?"

"உங்களுக்குத்தான் நானா."

சிரித்தார். மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

நாலு நாள் கழித்துப் பள்ளிவாசல் பக்கம் போனேன். ஒலிபெருக்கி வயர் கம்பத்தில் ஏறுகிற இடத்தில் அந்தச் சட்டையின் ஒரு கை சுற்றியிருந்தது. கீழிருந்து மேலாக, ஒழுங்காக. மற்றக் கை எந்த ஊரில் கிடக்கிறதோ தெரியாது.

இன்னொரு சட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.