ஜக்கு ஜோசியம்

அந்த ஞாயிற்றுக்கிழமை சேலையூர் கேம்ப் ரோட்டில் பஸ் நகரவில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் அவ்வளவு கூட்டம். முகூர்த்தமும் இல்லை, கட்சிக் கூட்டமும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் கைக்குழந்தையைப் போல ஆளுக்கொரு தண்ணீர் ஜக்கை அணைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஜலசித்தர் தட்சிணாமூர்த்தி வந்திருக்கிறார்! முதலில் ‘தண்ணிச் சாமியார்’ என்றுதான் பேனர் வைத்தார்கள். சாயங்காலத்தில் வேறு மாதிரி ஆட்கள் வரத் தொடங்கியதால் பெயரை மாற்றிவிட்டார்கள்.

சித்தரின் தத்துவம் எளிது. வீட்டில் நடக்கும் எல்லாவற்றுக்கும் காரணம் சாப்பாட்டு மேசையில் இருக்கும் ஜக்கு. கழுத்து குறுகலா? வருமானம் கழுத்திலேயே சிக்கிக்கொள்ளும். வாய் அகலமா? வந்தது வழிந்தோடும். கைப்பிடி இருந்தால் மனைவி கை ஓங்கும். இல்லாவிட்டால் குடும்பத்துக்கே பிடிமானம் இருக்காது. ஆக, எந்த ஜக்கும் நாசம், அவர் விற்கிற ஜக்கைத் தவிர. இந்தக் கேட்டுக்கு அவர் வைத்த பெயர் ‘ஜலதோஷம்’. மூக்கு ஒழுகுமே, அது இல்லை. இதில் ஒழுகுவது பர்ஸ்.

கூட்டத்தில் வினோத்குமாரும் அவன் மனைவி ஸ்ரீவித்யாவும் இருந்தார்கள். புது ஃபிளாட்டுக்காக அவள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை முழுக்கச் சுற்றி வாங்கிய கண்ணாடி ஜக்கு அவன் கையில் இருந்தது. இளநீல நிறம், ஒல்லிக் கழுத்து. வெயில் பட்டால் சுவரில் நீலம் ஆடும். அவனுக்கும் பிடித்துத்தான் இருந்தது, சித்தரின் வீடியோவைப் பார்க்கும்வரை. பிறகு தன் பி.பி.க்கு அந்தக் கழுத்துதான் காரணம் என்று முடிவு கட்டி, மாத்திரையை நிறுத்திவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குத் தலைவலி. அவளுக்குப் பயம்.

மேடைக்கு வினோத் அழைக்கப்பட்டான். இடது கையில் நீல ஜக்கு, வலது கையை நேராக நீட்டியபடி. சித்தர் இரண்டு விரலால் அழுத்தினார். கை சொத்தென்று விழுந்தது.

“பாத்தியா? ஒடம்பே வேணாங்குது!”

பிறகு தன்னுடைய ஜக்கைக் கொடுத்து அழுத்தினார். கை இரும்புக் கம்பி மாதிரி நின்றது. மண்டபமே கைதட்டியது. முதல் தடவை கை சுலபமாக இறங்கிவிடும் மணிக்கட்டில், அடுத்த தடவை எளிதில் இறங்காத முழங்கைக்கு மேலே அழுத்தினார் என்பதை ஸ்ரீவித்யா மட்டும் பார்த்தாள்.

“அந்தச் சனியனை இங்க இருக்கிற குப்பை டிரம்ல போட்டு உடைச்சிரு,” என்றார் சித்தர்.

வினோத் ஜக்கை ஓங்கினான்.

“வினோத், இரு!” ஸ்ரீவித்யா மேடையேறிவிட்டாள். “சாமி, ஜக்கு எதுன்னு கண்ணால பாக்காமலே சொல்லுவீங்களா? பைக்குள்ள வச்சுத் தரேன்.”

“சக்தியைச் சோதிக்கக் கூடாதும்மா.”

கானாத்தூரிலிருந்து எவர்சில்வர் ஜக்கோடு வந்திருந்த மீன்காரச் செல்லம்மா முன்வரிசையில் எழுந்தாள். “இன்னா சாமி, ஒடம்புக்குத் தெரியும்னு நீதான சொன்ன? ஒடம்புக்கு இன்னா கண்ணா கீது? செஞ்சிக் காட்டு, அந்தப் பொண்ணு வாய அடக்கு!”

பக்தை கேட்ட பிறகு மறுக்க முடியுமா? கூட்டமும் “காட்டுங்க சாமி” என்றது.

ஸ்ரீவித்யாவும் செல்லம்மாவும் மணமகள் அறைக்குப் போய், இரண்டு கட்டைப் பைகளில் எதையோ வைத்து, வடிவம் தெரியாதபடி பழந்துணி திணித்து, பை வாயைக் கட்டிக் கொண்டுவந்தார்கள்.

முதல் பையை வினோத் பிடித்தான். சித்தர் அழுத்தினார். கை விழுந்தது.

“பீடை! குடும்பத்தையே அழிக்கும்! உடை!”

பையைப் பிரித்தார்கள். உள்ளே சித்தரின் சொந்த ஜக்கு. விலைச்சீட்டுகூடக் கிழியவில்லை.

சித்தர் விட்டதைப் பிடிக்கும் வேகத்தில் இரண்டாவது பைக்கு முழங்கை மேல் விரலை வைத்தார். கை அசையவில்லை. அவர் குரல் தழுதழுத்தது.

“ஆகா! கங்கையே உள்ள குடியிருக்கா! இதுல தெனமும் தண்ணி குடிச்சா மருந்தே வேணாம்!”

செல்லம்மா கையை விட்டு வெளியே எடுத்தாள். பச்சை நிறம், விளிம்பில் விரிசல், அடியில் பாசி. மண்டபத்துக் கக்கூஸ் மக்கு.

மண்டபம் இடிந்துவிழுகிற மாதிரிச் சிரிப்பு.

“இதுல குடிக்கச் சொல்றியா, கஸ்மாலம்?” செல்லம்மா மக்கோடு நெருங்கினாள். சித்தர் சமையல்கட்டு வழியாக ஓடினார். ஒரு செருப்பு மட்டும் மேடையில் தங்கிவிட்டது.

வினோத் நீல ஜக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். “வித்யா, வழியில மெடிக்கல் ஷாப்ல நிறுத்தணும்,” என்றான். தலை நிமிரவில்லை.

“முதல்ல டாக்டர். அப்புறம் ஷாப்.”

வாசலில் அவர்களை ஒருவர் மறித்தார். அஸ்தினாபுரம் சுப்பராயலு. பெரிய படிப்பு, பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்.

“மேடம், அந்த ஆள் ஃபிராடாவே இருக்கட்டும். ஆனா ரெண்டாவது தடவை கை விழலையே! அந்த மக்கு எங்க கிடைக்கும்?”

ஐயா, மக்கு எங்கே கிடைக்கும் என்று ஊரெல்லாம் அலைய வேண்டாம். யோசிப்பதை நிறுத்தினால் போதும். வீட்டுக்கொன்று தானாகக் கிடைக்கும்.