மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கார்

"ரயில் மேல மான் மோதிடுச்சு சார்," என்று சொல்லி, ஸ்டேஷனில் முத்திரை குத்திக் கொடுத்த தாமதச் சான்றிதழை உமெகாகி இரண்டு கைகளாலும் நீட்டினான்.

பிரிவுத் தலைவர் ஷிகேமோரி அதை வாங்கவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். மார்ச் மாதம். மலையெல்லாம் மகரந்தம்.

"போன தடவையும் மான்தானே?"

"அது காட்டுப்பன்றி சார்."

"இந்தச் சீட்டு ரயில் லேட்டுங்கறதை நிரூபிக்கும். நீ நேரத்துக்கு வந்தேன்னு நிரூபிக்குமா?" என்றவர் தும்மினார். அவர் தும்மல் அந்த ஆபீசில் பிரசித்தம். முதலில் சின்னதாக இரண்டு, பிறகு ஜன்னல் கண்ணாடி அதிர ஒன்று. "என்னைப் பாருய்யா. பதினாலு வருஷமா ஒரு நாள் லேட் உண்டா? ஏன்? காரு! சொந்தக் கார் வெச்சிருக்கிறவன் மானுக்கும் பன்னிக்கும் பதில் சொல்லிட்டிருக்க மாட்டான். ஏப்ரல்ல ஹொக்காய்டோ கிளைக்கு ஓர் ஆள் அனுப்பச் சொல்லி மேலிடத்துல கேட்கிறாங்க. நான் இன்னும் யார் பேரையும் சொல்லல. அவ்வளவுதான் சொல்லுவேன்."

சோயா சாஸ் புட்டிகளுக்கு மூடி செய்யும் கம்பெனி அது. அதன் ஹொக்காய்டோ கிளை என்பது நாட்டின் வடகோடிக் குளிரில் ஒரு கிடங்கு, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அதற்கு எதிரே ஓர் ஆள். போனவர் யாரும் பழைய ஆளாகத் திரும்பி வந்ததில்லை.

உமெகாகியின் வீடு மலைக்கு இந்தப் பக்கம், கமிதானியில். கம்பெனி மலைக்கு அந்தப் பக்கம். காகமாகப் பிறந்திருந்தால் காலைக் கஞ்சி ஆறுவதற்குள் போய்விடலாம். மனிதனாகப் பிறந்த குற்றத்துக்கு ஒற்றைப் பெட்டி ரயிலில் மலையைச் சுற்றிக்கொண்டு போனான்.

"ஹொக்காய்டோவா? போயிட்டு வாங்க. நானும் பூனையும் இங்கயே இருக்கோம்," என்றாள் அவன் மனைவி மிசாவோ.

மாற்றலான ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியே போவது அங்கே வழக்கம்தான். ஆனாலும் முள்ளங்கி சீவுவதைக்கூட நிறுத்தாமல் அவள் அதைச் சொன்ன விதம் அவனை என்னவோ செய்தது. அந்த நிமிடமே கார் வாங்குவதென்று முடிவு செய்தான்.

பழைய கார் வியாபாரி பான்டோவிடம் போகச் சொல்லி ஷிகேமோரியே வழி காட்டியிருந்தார். "என் பேரைச் சொல்லு. ஏமாத்த மாட்டான்." ஏமாற்றுகிறவனிடம்தான் பேர் சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்பது உமெகாகிக்குத் தோன்றவில்லை.

"சின்ன வண்டி போதும்ங்க. சின்ன வண்டிக்குன்னே கொடுக்கிற மஞ்சள் நம்பர் பலகை வெச்சது. வீட்டு முன்னாடி அதுக்குத்தான் இடம் இருக்கு," என்றான்.

பான்டோ நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "சின்ன வண்டியா? அதை மட்டும் கேட்காதீங்க அண்ணே. ஊரே அதைத்தான் தேடுது. பழசுக்குப் புதுசு விலை! நீங்க எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

"மூணு லட்சம் யென்."

"அந்தக் காசுக்கு இங்க சின்ன வண்டியோட கதவு கிடைக்கும். வாங்க, அந்தப் பக்கம் போவோம்."

அந்தப் பக்கம் போகப் போக கார்கள் பெரிதாகிக்கொண்டே போயின, விலை சிறிதாகிக்கொண்டே போயிற்று. கடைசி வரிசையில் சவ ஊர்வலத்துக்குத் தலைமை தாங்குவதற்கென்றே செய்தது போல ஒரு நீளமான கறுப்புக் கார் நின்றது. இருக்கைகளுக்கு வெள்ளைப் பின்னல் உறை.

"இது... ஷிகேமோரி சார் வண்டி இல்ல?" உமெகாகி அனிச்சையாகக் குனிந்து அதற்கு வணக்கம் சொன்னான்.

"அவருதேதான்! போன வாரம் புதுசு எடுத்தாரு. சொந்தத் தம்பி மாதிரி ஒருத்தன் கைக்குத்தான் இது போகணும்னு சொன்னாரு."

"இவ்வளவு பெரிய வண்டி ஏன் இவ்வளவு மலிவு?" என்று கேட்டாள் கூட வந்திருந்த மிசாவோ.

"பெட்ரோல் குடிக்கும் அக்கா. பழசானா வரியும் ஏறும். மனுஷனுக்கு வயசானா பென்ஷன், காருக்கு வயசானா அபராதம்! ஆனா மீட்டரைப் பாருங்க. ஓடவே இல்லை."

மிசாவோ உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். தபால்காரர் ஸ்கூட்டர்கூட ஒரு வருடத்தில் அதைவிட அதிகம் ஓடியிருக்கும். "பதினாலு வருஷம் தினமும் ஆபீசுக்குப் போன வண்டி. எப்படிங்க இவ்வளவு கம்மி?"

பான்டோ ஒரு கணம் வானத்தைப் பார்த்தான். "பொறுப்பா ஓட்டுவாரு அக்கா."

"சார் ஓட்டினா மீட்டர்கூட அடக்கமாத்தான் இருக்கும்," என்றான் உமெகாகி பக்தியோடு.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியோ என்று மிசாவோ சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து முகர்ந்தாள். சேறு இல்லை. பிறகு பேரம் ஆரம்பித்தது. பான்டோ அழப்போவது போல முகத்தை வைத்துக்கொண்டான். அழுது முடிக்கட்டும் என்று அவளும் காத்திருந்தாள். அவன் அழவில்லை என்றதும் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். விலையில் ஒரு யென் இறங்கவில்லை. ஆனால் பனிக்கால டயர் நான்கும், கால் மிதியடிகளும், பான்டோவின் மேஜை மேல் இருந்த காலண்டரும் அவள் கைக்கு வந்தன.

"உங்க சார் வண்டியை உங்க தலையில கட்டிட்டாரு," என்றாள் திரும்பும் வழியில்.

"என்னைத் தம்பின்னு சொல்லியிருக்காரு மிசாவோ!"

கார் நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்கிறதென்று போலீஸ் சான்று கொடுத்தால்தான் கார் வாங்கியவர் பேருக்கு மாறும். உமெகாகி வீட்டு முன்னால் இருந்த இடத்தை அளந்தான். காரின் பின்பக்கம் ஒரு பூனை நீளத்துக்குச் சந்துக்குள் நீட்டியது. குப்பை வண்டி போக வேண்டிய சந்து.

வீட்டுக்காரரிடம் போய் மூலையிலிருந்த சீமைப் பனிச்சைப் பழ மரத்தை வெட்டலாமா என்று பணிவாகக் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே தேநீர் கொடுத்து அனுப்பினார். மறுநாள் காலை அந்த இடத்தில், கார் நிற்க வேண்டிய நீள அகலத்துக்குச் சரியாக, வெங்காயத்தாள் நட்டிருந்தது.

அடுத்து புத்தர் கோயில். பின்னால் விசாலமான சரளைக்கல் மைதானம்.

"தாராளமா விடுங்க," என்றார் பிக்கு. "ஆனா அது கோயில் குடும்பங்களுக்கான இடம்."

"கோயில் குடும்பம் ஆகறதுக்கு என்ன செய்யணும் சாமி?"

"இங்க ஒரு கல்லறை வாங்கணும். கிழக்குப் பார்த்து நல்ல இடமா ஒண்ணு இருக்கு."

"கார் நிக்கறதுக்குத்தான் சாமி இடம் கேட்டேன்."

"கார் இன்னும் எத்தனை வருஷம் நிக்கும்? இது நிரந்தரம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று, பிக்கு கொடுத்த கல்லறைக் கல் வகைகளின் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு தெரு வழியே நடந்து வந்ததுதான் அவன் செய்த தப்பு. மாலைக்குள் வீட்டில் நான்கு பழக்கூடைகள் சேர்ந்துவிட்டன. எதிர்வீட்டுக்காரர் மிசாவோவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த உறுப்பு?" என்று மெதுவாகக் கேட்டார்.

மறுநாள் ஷிகேமோரி அவனைத் தனியே அழைத்தார். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே உமெகாகி. உடம்பு முடியாதவங்களுக்கு ஹொக்காய்டோ காத்து ரொம்ப நல்லதாம்."

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்! கார் நிறுத்த இடம் தேடறேன்!"

"அதுக்குக் கல்லறையாய்யா வாங்குவாங்க?" அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மூளையிலதான்னு அப்பவே நினைச்சேன். திங்கட்கிழமை நீ கார்ல வர்றே. இல்லேன்னா நான் பேரை எழுதி அனுப்பிடறேன்."

உமெகாகி நேரே பான்டோவிடம் ஓடினான். பான்டோ கொஞ்சமும் பதறவில்லை. வரைபடத்தை விரித்து, தான் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றுக் கிண்ணத்தைக் காலி செய்து, உமெகாகியின் வீட்டை நடுவில் வைத்து அதன் மேல் கவிழ்த்தான்.

"சட்டம் என்ன சொல்லுது? வீட்டிலேருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இடம் இருக்கணும். எப்படி அளக்கணும்? நேர்கோட்டுல!" பென்சிலால் கிண்ணத்தைச் சுற்றி வட்டம் போட்டான். வட்டம் அலட்டிக்கொள்ளாமல் மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. "இங்க பாருங்க, ஒரு தோஃபு கடை. பின்னாடி கார் விட இடம் வாடகைக்கு விடறாங்க. ஓரம் தொட்டுக்கிட்டு உள்ளதான் இருக்கு."

"இது எங்க கம்பெனிக்குப் பின்தெருவாச்சே!"

"சட்டத்துக்குக் கம்பெனியும் தெரியாது, மலையும் தெரியாது அண்ணே. நேர்கோடு மட்டும்தான் தெரியும்."

"கம்பெனிக்குள்ளயே விட்டுடலாமே?"

"ராத்திரி கேட்டைப் பூட்டிடுவாங்க. ஒரு வண்டி உள்ள இருக்கக்கூடாது. இதெல்லாம் எனக்குப் பழகின விஷயம்," என்றான் பான்டோ. எப்படிப் பழகியது என்று உமெகாகி கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை.

போலீஸ் தரப்பில் ஒருவர் வந்து நாடா பிடித்து அளந்தார், தலையாட்டினார். சனிக்கிழமை சான்று கைக்கு வந்தது. பான்டோ காரைக் கொண்டுபோய் அந்த இடத்திலேயே விட்டுவிட்டு சாவியைக் கொடுத்தான். உமெகாகி ரயிலேறி, சாவியைச் சுழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"கார் எங்க?" என்றாள் மிசாவோ.

"மலைக்கு அந்தப் பக்கம்."

"ஆபீசுக்குப் பக்கத்துலயா?"

"மூணு நிமிஷ நடை."

"அப்போ காலைல ஆபீசுக்கு எப்படிப் போவீங்க?"

"கார்லதான்."

"காருக்கு எப்படிப் போவீங்க?"

உமெகாகி சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினான். கணப்பு மேஜைக்கு அடியில் படுத்திருந்த பூனை எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டது.

"ரயில்ல," என்றான் கடைசியில்.

"அந்த ரயில்லேயே ஆபீசுக்குப் போயிடலாமே?"

"சார் கார்ல வரச் சொல்லியிருக்காரு மிசாவோ. கார் கேட்டுக்குள்ள நுழையறதைப் பார்க்கணும் அவருக்கு."

மிசாவோ அலமாரியைத் திறந்து, ஹொக்காய்டோவுக்கு உதவும் என்று எடுத்து வைத்திருந்த கம்பளி உள்ளாடையைத் திரும்ப உள்ளே வைப்பதா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை வழக்கமான ரயிலில் போனால் காரை எடுத்து, ஒருவழிச் சந்தைச் சுற்றி, கேட்டுக்கு வந்து சேர நேரம் போதாது. அதனால் முதல் ரயிலைப் பிடித்தான். பெட்டியில் மூன்றே பேர். கோடியில் தொப்பி, முகமூடி, மகரந்தம் தடுக்கும் கண்ணாடி சகிதம் ஓர் ஆள் செய்தித்தாளுக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். மான்கள்கூட இன்னும் விழிக்கவில்லை போலும், ரயில் தடங்கலே இல்லாமல் போய்ச் சேர்ந்தது. பாதி வழியில் கோடியிலிருந்து தும்மல் கேட்டது. சின்னதாக இரண்டு, பிறகு ஜன்னல் கண்ணாடி அதிர ஒன்று. இந்த வருஷம் மகரந்தம் எல்லாரையும் ஒரே மாதிரி தும்ம வைக்கிறது என்று உமெகாகி நினைத்துக்கொண்டான்.

தோஃபு கடையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பின்பக்கம் போய்த் தன் கறுப்புக் காரின் கண்ணாடியில் படிந்திருந்த பனியைப் பெருமையோடு துடைத்தான். பக்கத்து இடத்தில் பளபளவென்று ஒரு புதுக் கார். அதன் மறுபுறம் காலடிச் சத்தம் கேட்டது. தொப்பிக்காரர் முகமூடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, கார் சாவியை எடுத்தார். அவர் கழுத்தில் ரயில் பாஸ் தொங்கியது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உமெகாகி குனிந்து வணங்கினான். ஷிகேமோரி, பதவிக்கு ஒவ்வாத அளவுக்கு, அதைவிடக் கீழே குனிந்தார். யாரும் முதலில் நிமிர விரும்பவில்லை.

சோயாப்பால் சட்டியோடு வெளியே வந்த தோஃபு கடைக்காரம்மா இருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

"இதுல வெட்கப்பட என்ன சார் இருக்கு? கார் எடுக்கணும்னு தினமும் முதல் ரயிலைப் பிடிக்கறதாலதானே பதினாலு வருஷமா நீங்க ஒரு நாள்கூட லேட்டானதில்ல!"