கப்பல் சார் சூடு பார்த்த திட்டு

விழுப்புரம் - திண்டிவனம் காலை ரயிலில் உட்கார்ந்தபடியே தென் அமெரிக்க அமைச்சர்களைத் திட்டிச் சம்பளம் வாங்கும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கப்பல் சார்.

பெயர் வேறு ஏதோ உண்டு. சீசன் டிக்கெட்காரர்களான எங்களுக்கு அது தேவைப்பட்டதில்லை. கோலியனூர்க்காரர். சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தபோது கூட இருந்தவர்களிடம் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவர். முதலில் கற்றது பூராவும் திட்டுதான் என்று பெருமையாகச் சொல்வார். கரைக்கு வந்தபின் திண்டிவனத்தில் ஒரு டுடோரியலில் ஆங்கிலம் நடத்திக்கொண்டே, டெல்லி இணையப் பத்திரிகை ஒன்றுக்காக ஸ்பானிஷ் அரசியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் ஆக்கித் தருகிறார்.

அந்தக் கட்டுரைகளில் வரி தவறாமல் ஒரு மரபுத்தொடர் இருக்கும். அதில்தான் சாருக்குப் பிடிவாதம். அர்த்தம் சரியாக வந்தால் போதாது, சூடும் அதே அளவு வரவேண்டும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, ஒவ்வொரு திட்டையும் தமிழாக்கி ஓர் அரசியல்வாதி மேல் போட்டுப் பார்ப்பது.

எதிர் சீட்டிலேயே தினமும் ஒருவர் இருந்தார். ஏதோ ஒரு கட்சியின் வட்டச் செயலாளர், சுருக்கமாக வட்டம். வட்டம் முறைத்தால் லேசான சூடு. எழுந்து நின்றால் நடுத்தரம். வேட்டியை மடித்துக் கட்டினால் உச்சம். இதைப் பார்த்த பிறகுதான் சார் லேப்டாப்பைத் தட்டுவார்.

ஒரு கார்த்திகை மாதம் சார் ஆரம்பித்தார்: "வட்டம், நீங்க உங்க மீனுக்கு மட்டும் தணலை இழுத்துக்கினு கீறீங்க."

வட்டம் பதறிப்போனார். "சாமி சரணம்! மாலை போட்டுக்கினு கீறேன், மீனு கீனுன்னு பேசாதீங்க சார்!"

"சுயநலக்காரர்னு சொல்றேங்க."

"அவ்ளோதானா? பரவால்ல."

சார் உதட்டைப் பிதுக்கினார். "சூடே ஏறல."

இன்னொரு நாள் பெட்டிக்கே பாடம் எடுத்தார். "ஏமாத்தறதுக்கு ஸ்பானிஷ்காரன் முடியப் புடிக்கிறான். இங்கிலீஷ்காரன் காலை இழுக்கிறான். நம்மாளு காதுல பூ சுத்தறான். தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரு எடம் விடலீங்க!"

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சாருக்குக் காய்ச்சல் வந்தது. சார் படுத்த வாரம் பத்திரிகை கணினி மொழிபெயர்ப்பை நம்பிவிட்டது. பத்திரிகையில் பத்தி எழுதும் தென் அமெரிக்க அம்மா ஒருவர், குடிநீர் தருவதாகச் சொல்லி வெறும் குழாயைப் பதித்த தன் நாட்டு அமைச்சரைப் பற்றி, 'முயலுக்குப் பதில் பூனையைக் கொடுத்தார்' என்று எழுதியிருந்தார். ஏமாற்றினார் என்பதற்கு அங்கே அது சாதாரணப் பேச்சு. கணினியோ முயலை எங்கோ தொலைத்துவிட்டு, அமைச்சர் மக்களுக்குப் பூனைக்கறி போட்டார் என்று செய்தியாகவே அறிவித்துவிட்டது. அமைச்சர் வழக்குப் போடுவேன் என்றார். சார் மறுபடி ரயிலேறிய அன்று டெல்லியிலிருந்து போன். திண்டிவனம் சேர்வதற்குள் சரியான வரி வராவிட்டால் அந்த அம்மாவின் பத்தி நிறுத்தப்படும். சாரின் வேலையும் போகும்.

சார் லேப்டாப்பைத் திறந்தார். "எனக்கு டுடோரியல் கீது. அந்தம்மாவுக்கு வெளியுலகத்துல பேச இத விட்டா வேற வாய் இல்லீங்க," என்றவர் வட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒரு மோசடிப் பேர்வழி."

வேட்டி மடிந்தது. "யாரப் பாத்து? போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவேன்!"

"ரொம்ப சூடு. கேஸ் ஆயிடும். சரி, நீங்க எதிர்பார்த்த அளவுக்குச் செய்யலீங்க."

வட்டம் சிரித்தார். "வீட்லயும் அதான் சொல்றாங்க."

"ஆறிப்போச்சு!" சார் தலையில் கை வைத்தார். மயிலம் தாண்டிவிட்டது. திடீரென்று நிமிர்ந்தார். "உங்க கட்சி ஓட்டல்ல, போர்டுல முயல்கறி, தட்டுல பூனைக்கறிங்க."

பெட்டியே வெடித்துச் சிரித்தது. வட்டம் எழுந்தார். கை வேட்டிக்குப் போனது, பாதியில் நின்றது, மறுபடி உட்கார்ந்தார். "இதுக்கு என்னன்னு சார் கேஸ் குடுக்கறது? எங்களுக்கு ஓட்டலே இல்லியே!"

"அதாங்க வேணும்!" சார் தட்டினார். ரயில் நிற்பதற்கும் வரி டெல்லிக்குப் போவதற்கும் சரியாக இருந்தது.

வழக்கு வரவில்லை. பத்தி தொடர்கிறது. ரயிலில் நடந்ததைக் கேள்விப்பட்ட அந்த அம்மா, கோபப்பட்டு உதவிய நண்பருக்கும் நன்றி என்று எழுதினார். வட்டம் அதை மேல்மலையனூர் மச்சான் வரைக்கும் போன் போட்டுச் சொன்னார்.

இப்போது சார் கண் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் இருக்கிறார். நேற்று வட்டம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டார்: "எப்ப சார் வருவாரு? திட்டறதுக்கு ஆள் இல்லாம பேஜாரா கீது."

ஜன்னலோர சீட்டில் அவருக்காக இடம் பிடித்துப் போட்டிருந்த கைக்குட்டையை, திண்டிவனம் வரும் வரைக்கும் நான் எடுக்கவே இல்லை.