பயனாளி வயிற்றில் இருக்கிறார்

ஒரு காட்டில் எல்லாம் இருந்தது, மண்ணில் செம்புச்சத்து மட்டும் இல்லை. மண்ணில் இல்லாதது புல்லுக்கு எங்கிருந்து வரும், புல்லில் இல்லாதது தாய் வயிற்றுக்கு எங்கிருந்து வரும்? குட்டிகள் பின்னங்கால் துவண்டு பிறந்தன. சடைச்சி என்கிற புள்ளிமானின் தலைச்சன் குட்டியும் அப்படித்தான். எழுந்து நிற்க மூன்று நாள் முயன்றது. நான்காம் நாள் நரி வந்துவிட்டது. பாவி மகள், குட்டி கிடந்த பக்கத்துப் புல்லையே அப்புறம் மேயவில்லை.

மறுபடி சினையானதும் தாய்சேய் நல அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே சினை மான்களுக்கென்றே செம்பு கலந்த தாது உப்புக் கட்டி ஒன்று கயிற்றில் தொங்கியது. திட்டம் தொடங்கி மூன்று வருஷமாகியும் ஒரு நாக்கு அதில் பட்டதில்லை. காரணம், குமாஸ்தா அழுங்கு. உடம்பெல்லாம் செதிலாக, தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளுமே, அந்தப் பிராணிதான். வேலைக்குப் பொருத்தமான ஆளாகத்தான் பிடித்திருக்கிறார்கள்.

அழுங்கு படிவத்தைப் புரட்டியது. செம்பு போய்ச் சேருவது குட்டிக்கு. ஆகவே பயனாளி குட்டிதான், தாய் இல்லை. "பயனாளி நேர்ல வந்து குளம்பு ரேகை வைக்கணும்மா" என்றது.

"அது வயித்துல இருக்குதுங்களே ஐயா. எப்படி வரும்?"

பதில் தெரியாத கேள்வி வந்தால் சுருண்டுகொள்வது அந்த அலுவலகத்து நடைமுறை. சுருண்டால் சாப்பாட்டு நேரம் வரை பிரியாது. சடைச்சி அழுதாள், கெஞ்சினாள், பந்தை முட்டிக்கூடப் பார்த்தாள். அப்புறம்தான் தலையைத் தூக்கினாள். எதிரே உப்புக் கட்டி. பார்க்க ஒரு ஆள் இல்லை.

நாலே நாலு நக்கு நக்கினாள். அளவு மீறினால் செம்பும் விஷம் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் வந்து அதே கேள்வியைக் கேட்டாள், அழுங்கு சுருண்டது, நக்கினாள். மாதக்கணக்கில் இப்படியே நடந்தது. கோப்பில் மட்டும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஏறிக்கொண்டே போனது.

குட்டி பிறந்தது. அரை மணியில் எழுந்து நின்றது, பொழுது சாய்வதற்குள் ஓடியது. சடைச்சிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதிசயத்தைப் பார்க்க மேலதிகாரி கரடியே வந்தது. கோப்பில் கட்டி கொடுத்ததாக இல்லை, குட்டியோ ஓடுகிறது. ஆகவே செம்புக்கும் குட்டிக்கும் சம்பந்தமில்லை என்று எழுதித் திட்டத்தை மூடியது. கட்டி இளைத்துப்போனது மழை ஈரத்தால் என்று அழுங்கு எழுதிக்கொடுத்தது. மிச்சக் கட்டியைக் கரடி தன் குகைக்கு எடுத்துக்கொண்டது. அப்படியானால் குட்டி எதனால் நின்றது என்று சடைச்சியைக் கேட்டது. திருடினேன் என்றால் குட்டியோடு காட்டை விட்டே விரட்டிவிடுவார்கள்.

"தாய்ப்பாசம்ங்க" என்றாள்.

கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. சடைச்சியின் படத்தைப் போட்டு, 'தாய்ப்பாசமே போதும்' என்று காடு முழுக்க விளம்பரத் தட்டி வைக்கச் சொன்னது.

தட்டியைப் பார்த்துவிட்டு மூக்காயி என்ற சினை மான் வந்தாள். ஏற்கெனவே இரண்டு குட்டிகளை நரிக்குக் கொடுத்தவள்.

"அக்கா, நானும் பாசமாத்தானே இருந்தேன். என்கிட்ட எது குறைஞ்சுது?"

சடைச்சி வாயைத் திறந்தாள். பக்கத்தில் தன் குட்டி துள்ளுவதைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் பாசமா இரு" என்றாள்.

நீதி: தாய்ப்பாசத்தை மிஞ்சிய சத்து உலகத்திலேயே கிடையாது. ஆனால் அதை உப்போடு சேர்த்து, யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும்.