தூதர் தின்ற ஒரு வாய்

"உனக்குப் பொய் சொல்லத் தெரியுமா?" என்று வடிவாம்பாளிடம் கேட்டார் முழங்குநாட்டின் முதல் மன்னர். நாடு விடுதலை பெற்ற புதிது. தூதர் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியும், மன்னா. யாருக்காக என்று கேட்டுக்கொண்டுதான் சொல்வேன்."

மன்னர் சிரித்து வேலையைக் கொடுத்தார்.

வடிவாம்பாள் நன்றாகவே பொய் சொன்னார். அண்டை நாடு படை திரட்டி, "உங்கள் யானைகள் எங்கே?" என்று மிரட்டியபோது, "குளிக்கப் போயிருக்கின்றன. ஆறு போதாததால் முறை வைத்து அனுப்புகிறோம்" என்றார். இருந்தவை இரண்டே கிழ யானைகள். போர் நின்றது. அரசுகளின் சபையில் அவர் எழுந்தால் பெரிய நாடுகள்கூட இருமலை அடக்கிக்கொண்டன.

பிறகு மன்னரின் மகன் முடிசூடினார். மழை நின்றது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று முதல் ஆணை வெளியானது.

பசி என்று யாரோ முனகியதால் இரண்டாம் ஆணை வந்தது. எல்லா வீட்டிலும் இருவேளை அடுப்புப் புகை எழ வேண்டும். எழாத வீடு அரசுக்கு எதிரான வீடு. சமைக்க ஒன்றுமில்லாத குடிகள் விறகை எரித்தார்கள், பிறகு கட்டிலை, பிறகு கதவை. மாடத்திலிருந்து பார்த்த மன்னர், "எவ்வளவு சமைக்கிறார்கள்!" என்று கவலைப்பட்டு, வீண்செலவைத் தடுக்கத் தானியக் கிடங்குகளைப் பூட்டச் சொன்னார்.

சபை கூடும் காலம் வந்தது. அங்கே ஒரு வழக்கம். பேச எழும் தூதர், தம் குடிகள் உண்பதில் ஒரு வாய் உண்ட பிறகே பேசலாம். உண்டுவிட்டுப் பேசாமல் அமர்ந்தால், உண்டதே பேச்சாகக் கொள்ளப்படும். ஒரு நாட்டில் பஞ்சம் என்று தெரிந்தால் மற்றவர்கள் தானியக் கப்பல் அனுப்பியாக வேண்டும். அப்படி வாங்குவது மன்னர்களுக்கு மானக்கேடு. ஆகவே எல்லா நாடுகளும் உணவை அரண்மனையிலேயே செய்து அனுப்பின.

அமைச்சர் பூதலிங்கனார் வெள்ளிப் பேழையை நீட்டினார். "நெய்யில சுட்ட அதிரசம், தூதரம்மா. எங்க சனங்க தினம் இதத்தான் திங்குறாங்கன்னு சொல்லுங்க. பசின்னு ஒரு சொல்லு வந்துச்சோ, திரும்பி வர உங்களுக்கு நாடு இருக்காது."

"ஒரு சொல்லும் வராது" என்றார் வடிவாம்பாள்.

துறைமுகத்துக்குப் போகும் வழியில், ஒரு குடிசையில் ராக்கு என்ற பெண் கலப்பையை வெட்டி அடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். வடிவாம்பாள் வண்டியை நிறுத்தி இறங்கிப் பெயரைக் கேட்டார்.

"ஏரையா எரிக்கிறே? மழை பெஞ்சா எதை வச்சு உழுவே?"

"மழை எப்பவோ வரும். புகை பாக்குறவன் இப்ப வர்றானே."

"பானையில என்ன?"

"புளியங்கொட்டை. வேகவே மாட்டேங்குது, சனியன்."

"எனக்குக் கொஞ்சம் குடு."

ராக்கு அவருடைய பட்டுச் சேலையை மேலும் கீழும் பார்த்தாள். "எங்ககிட்டேருந்து எடுக்க இது ஒண்ணுதான் பாக்கியா?"

"கடல் தாண்டி ஒரு இடத்துல காட்டணும், ராக்கு."

ராக்கு அகப்பையை எடுத்தாள். அதிரசங்கள் அவள் முறத்துக்குப் போயின. புளியங்கொட்டைகள் வெள்ளிப் பேழைக்கு வந்தன.

சபையில் வடிவாம்பாள் எழுந்து, பேழையைத் திறந்து, ஒரு பிடி வாயில் போட்டார். கடக், கடக் என்ற சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

கண்காணிக்கக் கப்பலில் கூட வந்திருந்த பூதலிங்கனார் துள்ளி எழுந்தார். "அது பாக்கு! எங்க நாட்டுல சாப்பாட்டுக்கு அப்புறம் மெல்லுறது!"

"அப்படியானால் நீங்களும் மெல்லுங்கள்" என்றார் சபைத் தலைவர்.

அமைச்சர் ஒன்றை எடுத்துக் கடித்தார். தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"முழங்குநாட்டின் தூதர் பேசலாம்."

வடிவாம்பாள் வாயைத் துடைத்துக்கொண்டு அமர்ந்தார்.

தலைவர் காத்திருந்தார். பிறகு, "சபை கேட்டது. கப்பல்கள் புறப்படட்டும்" என்றார்.

"உங்களுக்கு இனி நாடு இல்ல!" என்று சீறினார் பூதலிங்கனார்.

"நான்தான் ஒரு சொல்லும் பேசலையே, அமைச்சரே. நாடு இருக்கா இல்லையான்னு ராக்குகிட்ட கேட்டுக்கிறேன்."

அடுத்து, எல்லா நாடுகளிலும் செழிப்பானது என்று பெயர்பெற்ற பொன்னாட்டின் தூதர் அழைக்கப்பட்டார். அவர் எழுந்து தங்கப் பேழையின் மூடியைப் பாதி திறந்தார். நெய் மணம் சபையெங்கும் பரவியது. வடிவாம்பாளின் மேசையில் சிதறிக்கிடந்த கொட்டைகளை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு மூடியை அழுத்தி மூடி, பேழையை அங்கேயே வைத்துவிட்டு, ஒரு வாயும் உண்ணாமல் வெளியேறினார்.